01-04-32 என்றால் எந்த ஆண்டு? விரிதாளில் இரண்டு இலக்க ஆண்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிக்கனக் கடன் சங்கத்தின் வைப்புக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் எக்செலில் பார்த்து வருகிறேன். அக்கம்பக்கத்து அலுவலகங்களில் தேதி தகராறு செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். பத்தில் எட்டு முறை காரணம் ஒன்றுதான்: ஆண்டை இரண்டு இலக்கத்தில் அடித்திருப்பார்கள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். ஃபார்முலாக்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டேட், இயர், ஈடேட் என்று வருமிடங்களில் நீங்கள் செல்லில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஏ2 என்பது முதல் நெடுவரிசையின் இரண்டாவது செல்.

01-04-32 என்று அடித்தேன். எக்செல் அதை 1932 என்று எடுத்துக்கொண்டது. 2032 என்று ஏன் எடுக்கவில்லை?

எந்த நூற்றாண்டு என்று நீங்கள் சொல்லவில்லை, அது தானாக ஒன்றை வைத்துக்கொண்டது. எக்செலில் நெடுங்காலமாக இருக்கும் வழக்கம் இது: 00 முதல் 29 வரை அடித்தால் 2000 முதல் 2029. 30 முதல் 99 வரை அடித்தால் 1930 முதல் 1999. அதாவது 29 வரைக்கும் இந்த நூற்றாண்டு, 30ஐத் தொட்டால் போன நூற்றாண்டு.

நம் வீடுகளில் இது புதிய சங்கதி இல்லை. ஜாதகத்தில் விகாரி ஆண்டு என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1959-60ஆ, 2019-20ஆ? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்ப வருகிறது. பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் குறித்து வைத்திருந்தால் தப்பித்தோம். இரண்டு இலக்க ஆண்டும் அப்படித்தான், நூறு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும் பெயர்.

ஆபத்து என்னவென்றால், எக்செல் எச்சரிக்காது. உள்ளே 1932 இருந்தாலும் 2032 இருந்தாலும், செல் இரண்டு இலக்கத்தில் காட்டும்படி இருந்தால் வெளியே 01-04-32 என்றுதான் தெரியும்.

இந்த எல்லை எல்லாக் கணினியிலும் 2029தானா?

இல்லை. 2029 பழைய வழக்கம். 1950 முதல் 2049 வரை என்று வைத்திருக்கும் கணினிகளும் இருக்கின்றன. விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், ரீஜன், அடிஷனல் செட்டிங்ஸ், டேட் என்று போனால் இந்த எல்லை தெரியும், அங்கேயே மாற்றவும் செய்யலாம். எக்செல் போன்ற இலவச விரிதாளான லிபர்ஆபிஸ் கால்க் தன் எல்லையைத் தானே வைத்திருக்கிறது: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிபர்ஆபிஸ், ஜெனரல்.

அமைப்புகளில் தேட வேண்டாம் என்றால் சுலபமான வழி உண்டு. காலி ஷீட்டில் 1-1-29, 1-1-30, 1-1-49, 1-1-50 என்று ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு செல்லில் அடியுங்கள். பக்கத்து நெடுவரிசையில் =இயர்(ஏ1) என்று போட்டுக் கீழே இழுங்கள். நூற்றாண்டு எந்த வரியில் மாறுகிறதோ அதுதான் உங்கள் கணினியின் எல்லை. கூகுள் ஷீட்ஸிலும் இதையே செய்து பாருங்கள். ஒரு நிமிட வேலை. உங்கள் அலுவலகத்தில் மூன்று கணினி இருந்தால் மூன்றிலும் செய்யுங்கள். விடை ஒன்றாகவே வரும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இத்தனை வருஷம் இரண்டு இலக்கத்தில்தான் அடித்தேன். ஒன்றும் ஆகவில்லையே?

இத்தனை வருஷமும் நீங்கள் அடித்த தேதிகள் 2029க்குள் இருந்தன, அவ்வளவுதான். இப்போது நம் கைக்கு வரும் தேதிகளைப் பாருங்கள். 2016 ஜூனில் திறந்த பிபிஎஃப் கணக்கு, அந்த நிதியாண்டு முடிந்த பிறகு 15 ஆண்டு, ஆக 01-04-2032ல் முதிர்கிறது. செல்வமகள் சேமிப்புத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. கணக்கு திறந்த நாளிலிருந்து 21 ஆண்டு என்பதால் முதல் கணக்குகளே 2036க்குப் போகின்றன. 2016ல் பதிவு செய்த சொந்தக் காரின் ஆர்சி 15 ஆண்டுக்கு, 2031 வரை. இருபது ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணையைச் சொல்லவே வேண்டாம். எதிர்காலத் தேதி என்று எதை எடுத்தாலும் இப்போது 30ஐத் தாண்டித்தான் நிற்கிறது.

இரண்டு இலக்க ஆண்டால் 2000 பிறந்ததும் கணினிகள் குழம்பும் என்ற ஒய்2கே பிரச்சினை அப்போதே தீர்ந்துவிட்டது என்றார்களே?

ஆண்டை நான்கு இலக்கமாக மாற்றிய இடங்களில் தீர்ந்தது. மாற்ற நேரமோ பணமோ இல்லாத இடங்களில், இந்த எண்ணுக்குக் கீழே இருந்தால் 2000, மேலே இருந்தால் 1900 என்று ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அப்படிக் கோடு போட்ட ஒவ்வொரு இடத்திலும் பிரச்சினை அந்தக் கோட்டின் தேதி வரைக்கும் தள்ளிப்போனது, அவ்வளவே. பதிவுக் கோப்புகளை அலசும் ஸ்பிளங்க் என்ற மென்பொருளை நடத்துபவர்கள் 2019 இறுதியில் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்ப வேண்டி வந்தது. திருத்தம் போடாத கணினிகளில் 2020 ஜனவரி 1 முதல் இரண்டு இலக்க ஆண்டு உள்ள பதிவுகளின் தேதியை அந்த மென்பொருள் சரியாக அறியாது என்பது விஷயம். எக்செலின் 2029ம் அதே மாதிரி போட்ட ஒரு கோடுதான்.

அப்படியானால் எல்லையை 2099க்கு மாற்றிவிடுகிறேன். சரியாகிவிடும்தானே?

முதிர்வுத் தேதிக்குச் சரியாகும். பிறந்த தேதி எல்லாம் கெட்டுப்போகும். எல்லை 2099 என்றால் 15-06-75 என்று அடித்த பிறந்த தேதி 2075 ஆகிவிடும்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள், மற்ற எல்லாப் பதிலும் இதிலிருந்துதான் வருகிறது. எங்கே கோடு போட்டாலும் மொத்தம் நூறு ஆண்டுதான் கிடைக்கும். ஒரே பட்டியலில் 1928ல் பிறந்த பாட்டியும் இருக்கிறார், 2036ல் முதிரும் பேத்தியின் கணக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் 108 ஆண்டு. நூறு ஆண்டு அகலமுள்ள பாய் இருவருக்கும் போதாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் ஒருவர் தரையில் கிடப்பார். நான்கு இலக்கம் அடிப்பதைத் தவிர இதற்கு வழியே இல்லை.

செல்லின் ஃபார்மேட்டை நான்கு இலக்கமாக மாற்றினால் தேதி சரியாகுமா?

ஆகாது. ஆனால் தப்பு கண்ணில் படும், அதுவே பெரிய உபகாரம்.

எக்செல் தேதியை நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1-1-1900 என்பது 1. 1-1-2000 என்பது 36526. 1-4-2032 என்பது 48305, 1-4-1932 என்பது 11780. அந்த எண்ணுக்கு மேலே போர்த்தும் துணிதான் ஃபார்மேட். டிடி-எம்எம்-ஒய்ஒய் (நாள், மாதம், இரண்டு இலக்க ஆண்டு) என்று போர்த்தினால் இரண்டு எண்ணும் 01-04-32 என்று ஒரே முகத்தைக் காட்டும். நான்கு ஒய் போட்டுவிட்டால் 1932 தானாக வெளியே வந்துவிடும். ஆகவே எந்தக் கோப்பு கைக்கு வந்தாலும் நான் முதலில் செய்வது, தேதி நெடுவரிசைகள் அத்தனையையும் நான்கு ஒய்க்கு மாற்றுவதுதான்.

டேட் ஃபார்முலாவில் 25 கொடுத்தேன். 1925 வருகிறது! 29க்குக் கீழே இருந்தால் 2000 என்றீர்களே?

நிறையப் பேர் விழும் குழி இது. கையால் அடிக்கும் தேதிக்குத்தான் அந்த எல்லை விதி. எக்செலின் டேட் ஃபார்முலாவுக்கு வேறு விதி: ஆண்டு 0 முதல் 1899 வரை எந்த எண்ணாக இருந்தாலும் அதோடு 1900ஐக் கூட்டிவிடும். =டேட்(25,4,1) என்றால் 1-4-1925. அதே 1-4-25ஐக் கையால் அடித்தாலோ, எழுத்தாகக் கொடுத்து டேட்வேல்யூ மூலம் மாற்றினாலோ 1-4-2025. ஒரே கோப்பில், ஒரே 25க்கு, இரண்டு விடை.

கூகுள் ஷீட்ஸும் டேட்டில் 1900 கூட்டும். லிபர்ஆபிஸ் கால்க் அப்படிச் செய்யாது, இரண்டு இலக்க ஆண்டு வந்தால் தன் எல்லையைப் பார்த்து விரிக்கும். ஆக எக்செலில் எழுதிய ஃபார்முலாவைக் கால்க்கில் திறந்தால் விடை நூறு ஆண்டு நகர்ந்திருக்கலாம்.

இந்தக் கூட்டும் பழக்கத்தில் இன்னொரு விபரீதமும் உண்டு. தேதியிலிருந்து நூறு ஆண்டு கழிக்க =டேட்(இயர்(ஏ2)-100, மன்த்(ஏ2), டே(ஏ2)) என்று எழுதுவார்கள். ஏ2வில் 2028 இருந்தால் சரி, 1928 வரும். தெரியாமல் 1999 உள்ள வரியிலும் இழுத்துவிட்டால் 1899 ஆகி, அதோடு 1900 சேர்ந்து 3799ல் போய் நிற்கும்.

வேறு அலுவலகத்திலிருந்து வந்த பட்டியலில் தேதி இடதுபக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கழித்தால் சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் இல்லை.

அது தேதி இல்லை, தேதி மாதிரி தெரியும் எழுத்து. எண்ணும் தேதியும் செல்லில் வலது ஓரம் நிற்கும், எழுத்து இடது ஓரம் நிற்கும். நீங்கள் யாரும் சீரமைக்காமல் விட்டிருந்தால் இதுவே நல்ல அடையாளம். பல நேரம் எக்செல் மூலையில் பச்சை முக்கோணம் போட்டு, இதை 19ஆ 20ஆ எதுவாக மாற்றட்டும் என்றும் கேட்கும். அந்த முக்கோணத்தை அலட்சியம் செய்யாதீர்கள்.

எழுத்துத் தேதியைக் கணக்கில் இழுத்தால் எக்செல் அந்த நொடியில், அந்தக் கணினியின் எல்லையை வைத்து மாற்றும். முறையாக அடித்த தேதி எண்ணாக உறைந்துவிடும், எந்தக் கணினிக்குப் போனாலும் மாறாது. எழுத்தாக உள்ள 1-4-32 அப்படி இல்லை. எல்லை 2029 உள்ள கணினியில் 1932, எல்லை 2049 உள்ள கணினியில் 2032. கோப்பில் ஓர் எழுத்துகூட மாறாமல், உங்கள் மேசையில் ஒரு வட்டியும் மேலாளர் மேசையில் வேறு வட்டியும் வரும். யார் தப்பு என்று சண்டை வருவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கோப்பை சிஎஸ்வியாகச் சேமித்துத் திரும்பத் திறந்தேன். பெரியவர்கள் எல்லாம் இனிமேல்தான் பிறக்கப்போகிறார்கள் என்று வருகிறது.

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு. அப்படிச் சேமிக்கும்போது எக்செல் உள்ளே உள்ள நாள் எண்ணை எழுதாது, வெளியே தெரிவதை எழுதும். 12-06-1927 என்ற சரியான தேதி இரண்டு இலக்க ஃபார்மேட்டில் இருந்தால் கோப்பில் 12-06-27 என்று விழும். நூற்றாண்டு அந்த இடத்திலேயே தொலைந்துவிட்டது. திரும்பத் திறக்கும்போது 27 என்பது 2027. சரியாக இருந்த தரவைச் சேமித்தே கெடுத்துக்கொள்வது இதுதான்.

சிஎஸ்வி எடுப்பதற்கு முன் தேதி நெடுவரிசையை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசைக்கு, நான்கு ஒய்யோடு மாற்றிவிடுங்கள்: 1927-06-12. ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தர முறை இதுதான். அதிலும் முதலில் இரண்டு இலக்க ஆண்டுக்கு இடம் வைத்திருந்தார்கள், 2004 பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். இந்த வரிசையில் எழுதினால் நாள் எது, மாதம் எது என்ற குழப்பமும் சேர்ந்து ஒழியும்.

வயது நெடுவரிசையில் சிலருக்கு மட்டும் #நம்! என்று பிழை வருகிறது. விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். இது எனக்குப் பட்ட பாடம், சொல்லியே ஆக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாட்டி வைப்புச் சீட்டை நெகிழிப் பையில் சுற்றிக்கொண்டு வந்தார். எனக்கு வயசானவங்க வட்டி போடலையாமே தம்பி என்று கேட்டார். தொண்ணூறு தாண்டியவர். பட்டியலைத் திறந்தேன். பிறந்த தேதி 15-01-28. வயது 0. மூத்த குடிமக்கள் வட்டி: இல்லை.

நடந்தது இதுதான். பேரேட்டைப் பார்த்து யாரோ 15-01-28 என்று அடித்திருக்கிறார்கள், எக்செல் 2028 என்று எடுத்துக்கொண்டது. =டேட்டிஃப்(ஏ2, டுடே(), "ஒய்") என்று வயது கணக்கிடும் ஃபார்முலாவுக்குத் தொடக்கத் தேதி முடிவுத் தேதிக்குப் பின்னால் இருந்தால் #நம்! வரும். அது அழகாகவே சொல்லியிருக்கிறது, இங்கே ஏதோ தப்பு என்று. அச்சில் அசிங்கமாக இருக்கிறதே என்று பிழை வந்த இடத்தில் எல்லாம் 0 வரும்படி இஃப்எரர் போட்டு மூடியது நான்தான். மூன்று காலாண்டு அவருக்குக் குறைந்த வட்டி போயிருந்தது. நிலுவையைக் கணக்கிட்டுக் கொடுத்தோம். அவர் கையெழுத்துப் போட்ட வரியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு தேதி வரும் ஃபார்முலாவில் இஃப்எரர் போடுவதில்லை.

பிறந்த தேதிகளை மொத்தமாகத் திருத்த ஃபார்முலா உண்டா?

உண்டு, ஓரளவுக்கு. பிறந்த தேதி இன்றைக்குப் பின்னால் இருக்க முடியாது. எனவே =இஃப்(ஏ2>டுடே(), ஈடேட்(ஏ2,-1200), ஏ2). ஈடேட் மாதக் கணக்கு, 1200 மாதம் என்றால் நூறு ஆண்டு. மேலே சொன்ன 3799 விபத்தும் இதில் வராது.

ஓரளவுக்கு என்று ஏன் சொல்கிறேன் என்றால், 20 என்று இருந்தால் 1920ம் கடந்த காலம்தான், 2020ம் கடந்த காலம்தான். அந்த இடத்தில் எந்த ஃபார்முலாவும் உதவாது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வினோனா என்ற ஊரில், 1990களின் தொடக்கத்தில், 104 வயது மூதாட்டி ஒருவருக்கு மழலையர் பள்ளியில் சேர வரும்படி அழைப்பு வந்தது. பிறந்த ஆண்டு 88 என்று பதிவாகியிருந்தது. அவர் பிறந்தது 1888. பள்ளியின் பட்டியலுக்கு அது 1988. சிறுவர் கணக்கும் முதியோர் கணக்கும் ஒரே பட்டியலில் இருந்தால் இந்தச் சந்தேகம் உங்களுக்கும் வரும். மூல ஆவணத்தை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதிர்வுத் தேதிகள் 1930களில் போய்க் கிடக்கின்றன. நூற்றுக்கணக்கில் இருக்கிறது. ஒவ்வொன்றாக அடிக்கணுமா?

வேண்டாம். ஓர் எண்ணை மனதில் வையுங்கள்: 36525. 1900 மார்ச் 1 முதல் 2000 பிப்ரவரி 28 வரை எந்தத் தேதியை எடுத்தாலும், அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து வரும் தேதி 36525 நாள் தள்ளித்தான் இருக்கும். 2000 லீப் ஆண்டாக அமைந்ததால் இடையில் எப்போதும் 25 லீப் நாள்தான் வரும்.

முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி நெடுவரிசையை நான்கு ஒய்க்கு மாற்றி, ஏறுவரிசையில் அடுக்குங்கள். தப்பானவை எல்லாம் மேலே வந்து சேர்ந்துவிடும். காலி செல்லில் 36525 என்று அடித்து அதைக் காப்பி செய்யுங்கள். தப்பான தேதிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ், ஆட் இரண்டையும் தொட்டு ஓகே கொடுங்கள். அத்தனையும் ஒரே தட்டில் இந்த நூற்றாண்டுக்கு வந்துவிடும். 11780 இருந்த இடத்தில் 48305. எழுத்தாக இருக்கும் தேதிகளை இதற்கு முன்பே முறையான தேதியாக மாற்றிக்கொள்ளுங்கள். டேட்டா, டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், கடைசிப் படியில் டேட் என்பதில் நாள்-மாதம்-ஆண்டு வரிசையைத் தேர்ந்தெடுத்தால் மாறும்.

ஓய்வு பெறும் தேதியை ஃபார்முலாவே கணக்கிடுகிறது. அங்கேயும் இந்தப் பிரச்சினை வருமா?

கணக்கில் வராது. வயது 60 என்றால் =ஈஓமன்த்(ஈடேட்(ஏ2-1,720),0). பிறந்த மாதத்தின் கடைசி நாள் கிடைக்கும். 1ஆம் தேதி பிறந்தவர் முந்தின மாதக் கடைசியில் ஓய்வு பெறுவதால்தான் ஒன்றைக் கழித்திருக்கிறேன். 15-06-1975 பிறந்தவருக்கு 30-06-2035 என்று சரியாகவே வரும்.

பிரச்சினை அதற்கு அடுத்த கையில் இருக்கிறது. இரண்டு இலக்க ஃபார்மேட்டில் 30-06-35 என்று அச்சாகும். அந்தத் தாளைப் பார்த்து இன்னொருவர் இன்னொரு கோப்பில் 30-06-35 என்று அடிப்பார். அங்கே 1935.

எங்கள் பழைய மென்பொருள் 010432 என்று ஆறு இலக்கமாகத் தருகிறது.

எக்செலில் திறந்ததும் முன்னால் உள்ள 0 போய் 10432 ஆகியிருக்கும். முதலில் டெக்ஸ்ட்(ஏ2,"000000") என்று ஆறு இலக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்து பி2வில் வையுங்கள். அப்புறம் =டேட்(2000+ரைட்(பி2,2), மிட்(பி2,3,2), லெஃப்ட்(பி2,2)). அந்த 2000ஐ நீங்களே கூட்டுவதுதான் முக்கியம், முதிர்வுத் தேதி என்று உங்களுக்குத் தெரியும், எக்செலுக்குத் தெரியாது.

மருந்துக் கடை வைத்திருக்கிறேன். அட்டையில் 08/27 என்று இருப்பதை அப்படியே அடிக்கலாமா?

வேண்டாம். மாதம் முன்னால் வரும் அமெரிக்க வரிசையில் உள்ள கணினி 08/27ஐ இந்த ஆண்டு ஆகஸ்ட் 27 என்று எடுத்துக்கொள்ளும். 08/32 என்று அடித்தால், 32ஆம் தேதி கிடையாது என்பதால் அது ஆண்டாக மாறி, ஆகஸ்ட் 1, 1932 ஆகிவிடும். ஒரே மாதிரி அடித்த இரண்டு வரி, இரண்டு அர்த்தம். மாதத்தை ஒரு நெடுவரிசையிலும் ஆண்டை 2027 என்று இன்னொன்றிலும் அடித்து, =ஈஓமன்த்(டேட்(பி2,ஏ2,1),0) என்று போடுங்கள். மாதமும் ஆண்டும் மட்டும் போட்ட மருந்து அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும், அந்த நாளே கிடைக்கும்.

1900க்கு முந்தைய பத்திரங்களின் தேதி?

எக்செலில் அவை எழுத்தாகத்தான் நிற்கும், கணக்கு வராது. கூகுள் ஷீட்ஸும் கால்க்கும் ஏற்கும்.

இலங்கையின் பழைய அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த தேதி எடுக்க முடியுமா?

முடியும், இரண்டு இலக்க ஆண்டுக்கு இது நல்ல உதாரணமும்கூட. ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 85592 என்று தொடங்கினால் 1985ல் பிறந்த பெண், 92ஆவது நாள். 2016 முதல் வரும் 12 இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாகிவிட்டது.

நாளை எண்ணும்போது பிப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்துத்தான் எண்ணுகிறார்கள். அதனால் =டேட்(1985,1,92) என்று நேராகப் போட்டால் ஏப்ரல் 2 வரும், அது தப்பு. லீப் ஆண்டான 2000ஐ வைத்து =டேட்(2000,1,92) என்று போட்டால் ஏப்ரல் 1. அதிலிருந்து மாதத்தையும் நாளையும் எடுத்து 1985ஓடு சேர்க்க வேண்டும். இன்னொன்று, மிட் எடுத்துத் தரும் 592 எழுத்து. அதை வேல்யூ போட்டு எண்ணாக்காமல் 500ஐவிடப் பெரிதா என்று கேட்டால் எக்செல் எல்லோருக்கும் ஆம் என்றே சொல்லும், ஆண்களும் பெண்களாகிவிடுவார்கள்.

நான் கவனமாக இருப்பேன். ஆனால் நாலு பேர் அடிக்கும் கோப்பு. எப்படித் தடுப்பது?

டேட்டா வேலிடேஷன் போடுங்கள். நான்கு இலக்கம் அடித்தார்களா என்று அதற்குப் பார்க்கத் தெரியாது, ஆனால் எந்தத் தேதி உள்ளே போகிறது என்று தெரியும். முதிர்வு நெடுவரிசைக்கு டேட், பிட்வீன், =டுடே() முதல் 31-12-2060 வரை. பிறந்த தேதிக்கு 01-01-1915 முதல் =டுடே() வரை. இப்போது யாராவது 01-04-32 என்று அடித்தால் அது 1932 ஆகி, எக்செல் வாங்க மறுக்கும். இன்புட் மெசேஜில் "ஆண்டை நான்கு இலக்கத்தில் அடிக்கவும், உதாரணம் 01-04-2032" என்று எழுதிவிடுங்கள்.

காப்பி பேஸ்ட் செய்து போட்டால் இந்தக் காவல் வேலை செய்யாது. அதற்கு அதே மெனுவில் சர்க்கிள் இன்வேலிட் டேட்டா என்று இருக்கிறது. அழுத்தினால் எல்லைக்கு வெளியே உள்ள தேதிகளைச் சிவப்பில் சுழித்துக் காட்டும். நான் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அழுத்துகிறேன்.

பேரேட்டிலேயே ஆண்டு இரண்டு இலக்கம்தான் இருக்கிறது. எதைப் பார்த்து நான்கு இலக்கமாக்குவது?

கணக்கு திறந்த தேதியைப் பாருங்கள், பாதி அதிலேயே தெளிவாகிவிடும். 1985ல் உறுப்பினரானவர் 2020ல் பிறந்திருக்க முடியாது. அப்புறம் விண்ணப்பத்தோடு வைத்த பள்ளிச் சான்று, ஆதார், குடும்ப அட்டை. எதுவும் இல்லையென்றால் ஆளையே கேளுங்கள். அதுவரை செல்லைக் காலியாக விட்டு மஞ்சள் வண்ணம் பூசி வையுங்கள். தோராயமாக ஒன்றைப் போட்டுவிட்டால் அடுத்து வருபவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார். எங்கள் பட்டியலில் அப்படி 11 செல் இருந்தது. ஒன்பதுக்குச் சான்று கிடைத்துவிட்டது. மற்ற இரண்டு குடும்பத்துக்கும் கடிதம் போட்டிருக்கிறேன், அந்த இரண்டு செல்லும் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கின்றன.